என் விரல், அவள் கார்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் ஐந்து மாதப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் எழுந்திருக்கிறேன். இங்கே நாங்கள் நாலு பேர் சுகம். ஐந்தாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத மனசு வராது. உன் அப்பாவுக்குப் பல் செட் வந்துவிட்டது. இரண்டு மாதம் அளவெடுத்து, தேய்த்து, திரும்பத் தேய்த்துக் கொடுத்தார்கள். மனுஷர் அதை வாயில் வைப்பதில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். கேட்டால், மெதுவா பழகட்டும் விடு என்கிறார், பல் சட்டைப் பையோடுதான் பழகிக்கொண்டிருக்கிறது. கூடத்தில் மேல்தளம் இன்னும் ஒழுகுகிறது, வாளி அதே மூலையில்தான் இருக்கிறது, மேல்மாடிக்காரர் ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லியே வருஷத்தை ஓட்டிவிட்டார். உன் அண்ணன் அதே பேக்கரி வண்டியைத்தான் ஓட்டுகிறான். அண்ணி கம்பெனியில் அதே காலர் மெஷினில் இருக்கிறாள், நான் அதே கம்பெனியில் அதே செக்கிங் மேசையில், ஒரு கையில் சட்டை ஒரு கையில் நூல் கத்தரி, நாள் முழுக்கப் பிசிறு வெட்டிக்கொண்டு. கண் கொஞ்சம் மங்குகிறது, அது கிடக்கட்டும்.

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, உங்கள் ஹோட்டல் சலவைப் பிரிவில் மாதா மாதம் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்த அளவு பார்க்கிறார்கள், போன மாதம் உனக்குப் பத்து என்று வந்தது, இதற்குக் கீழே இறங்கினால் இஸ்திரி அறையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று மிரட்டினார்கள் என்று. அதனால் இந்த மாதம் உன்னோடு துணி மடிக்கும் தோழி உன் கார்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் விரலை நீட்டிவிட்டு வந்தாள் என்று. பன்னிரண்டரை வந்ததாம். சொல்லிவிட்டு நீ சிரித்தாய், உன்கிட்ட கத்துக்கிட்டதுதாம்மா, உன் பொண்ணாச்சே என்றாய். பேசும்போதே ஏதோ கடக் கடக்கென்று கடித்துக்கொண்டிருந்தாய். என்னடி சத்தம் என்று கேட்டேன். ஐஸ்மா, இங்க மெஷின்ல டம்ளர் டம்ளரா எடுத்துத் திங்கறேன், நிறுத்தவே முடியலை, மாடி ஏறினா நெஞ்சு அடிச்சுக்கறது காதுல கேக்குது, இதெல்லாம் இந்த நேரத்துல இருக்கறதுதானே என்றாய். நான் நல்லா சாப்பிடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை இங்கே ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு புதன்கிழமை நானே உனக்குப் போன் போட்டு, அந்தத் திருட்டு வேலை வேண்டாம், நீயே போய் ரத்தம் கொடு என்று சொன்னேன். நீ மறுபடியும் சிரித்தாய். நீ பண்ணலையா, அண்ணிக்கு என்ன ஆயிடுச்சு, அவ பொண்ணு சுண்டுவைத்தான் படத்துல பார்க்கறேனே, ராணி மாதிரி நிக்கறா என்றாய். அண்ணி பக்கத்திலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ இதை எப்படிச் சொல்வேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன், கடிதத்தில் நீ குறுக்கே சிரிக்க முடியாது.

அந்தக் கதையை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சுண்டு பிறந்த பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் நீதான் ஆரம்பித்து வைப்பாய், அம்மா அந்த விரல் கதையைச் சொல்லும்மா என்று. நானும் தலைகால் புரியாமல் அபிநயம் பிடித்துச் சொல்வேன். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிக் கதைதான். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது முழுசாகக் கேள். அண்ணி கம்பெனியில் சேர்ந்து மூன்று வருஷம் கைவேலையாள்தான், துணிக் கட்டைத் தூக்கிக் கொடுப்பதும் பொத்தான் எண்ணுவதும்தான் வேலை. அப்புறம்தான் அவளை மெஷினில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த இரண்டாம் மாதம் சுண்டு வயிற்றில் வந்துவிட்டாள். எங்கள் கம்பெனியிலும் இதே வழக்கம், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நர்ஸ் வந்து உட்காருவாள், நாங்கள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் வரிசையாக நகர்ந்து நகர்ந்து போவோம். மாசமாக இருப்பவளுக்கு அளவு குறைந்திருந்தால் மெஷினிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அங்கே ஊசி ஏற்றுவார்கள். இறங்கினவள் திரும்பி வரும்போது அந்த மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். இது எல்லோருக்கும் தெரியும். அண்ணி முதல் நாளே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ஊசி என்றால் பயம், மெஷின் போய்விடும் என்று அதைவிடப் பயம். அவள் முகம் அப்போதே வெளுத்துத்தான் இருந்தது, உதடெல்லாம் காகிதம் மாதிரி. துணியில் கோடு போடுகிற சாக்கை ஒடித்து ஒடித்து வாயில் போட்டுக்கொள்வாள். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அண்ணி சாக் தின்கிறாள், பிள்ளை வெளியே வரும்போதே கையில் கத்தரிக்கோலோடு வரும் என்று நாம் எல்லோரும் கிண்டல் செய்தோம். நீ இப்போது கடிக்கிற ஐஸும் அதுவும் ஒன்றுதான் என்று செவ்வாய்க்கிழமை பார்த்த டாக்டர் சொல்கிறார். ரத்தத்தில் இரும்புச்சத்து வற்றிப்போனால் சிலருக்கு இப்படித் தின்னக் கூடாததைத் தின்னத் தோன்றுமாம். அவள் உடம்பு கேட்டது, நாம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

எனக்குத்தான் என் ரத்தத்தைப் பற்றி ஒரு திமிர் உண்டே. எப்போது குத்தினாலும் பதிமூன்று. இந்த வயசுல இப்படியா என்று நர்ஸ் ஒரு தடவை எல்லோர் முன்னாலும் புகழ்ந்துவிட்டாள், அதிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. வரிசையில் அண்ணி எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அவள் கையிலிருந்த கார்டைப் பிடுங்கி என் கார்டை அவள் மடியில் போட்டேன். அவள் கேட்கவில்லை, இதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள். நர்ஸ் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவளுக்கு விரலும் மெஷினும்தான் தெரியும், ஒரு நாளைக்கு முந்நூறு விரல். அண்ணியின் கார்டில் பதிமூன்று ஏறியது. என் கார்டில் அவளுடைய ஏழு புள்ளி எட்டு ஏறியது. இந்த இரண்டாவது பாதியைக் கதையில் நான் எப்படிச் சொல்வேன் தெரியுமா, நர்ஸ் என் கார்டைப் பார்த்து அம்மா உங்களுக்கு என்ன ஆச்சு, உங்க ரத்தமெல்லாம் எங்க போச்சு என்று பதறினாள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று சொல்வேன். நீங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஏழு புள்ளி எட்டு என்றால் என்ன என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். என் பேரில் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தேன். அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை என்றுதான் அப்போது நினைப்பு. மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்றாள், அதனால் நானே கெட்டியாகத் தேநீர் போட்டு அதோடு விழுங்கச் சொன்னேன். தேநீரோடு போட்டால் மாத்திரையின் சத்து உடம்பில் சேராது என்று இப்போதுதான் தெரிகிறது. நாலு நாள் போட்டாள், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்துகொண்டு நிறுத்திவிட்டாள். நானும் சரி போ என்று விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இத்தனை நாளாக யோசித்துப் பார்க்கிறேன். கார்டில் பதிமூன்று என்று மையால் எழுதியிருந்ததல்லவா, ஒரு மாதத்தில் அதை நாங்களே நம்ப ஆரம்பித்துவிட்டோம். உனக்கென்ன, பதிமூணு இருக்குல்ல என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன், நானே சொல்லியிருக்கிறேன். ஆறாம் மாதமும் எட்டாம் மாதமும் அதே வேலையைச் செய்தோம். ஆஸ்பத்திரியில் பதிவு செய்யப் போனபோது கம்பெனி கார்டைக் கேட்டு வாங்கி அந்த எண்ணை அப்படியே எழுதிக்கொண்டார்கள், மறுபடி குத்திப் பார்க்கவில்லை.

இப்போது நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். பிரசவத்தன்று மத்தியானம் பிள்ளை பிறந்து கொஞ்ச நேரத்தில் அண்ணிக்குக் கண் செருகிவிட்டது. ரத்தம் பார்த்தார்கள், ஐந்தரையோ என்னவோ வந்தது. ஒரு டாக்டர் வேகமாக வெளியே வந்தார், கார்டில் பதிமூணு இருக்கு, இப்போ இவ்வளவு இறங்கியிருக்கு, வெளிய போன ரத்தம் அவ்வளவு இல்லை, அப்போ உள்ளே எங்கேயோ கசியுது, வயித்தைத் திறக்க வேண்டி வரலாம், இங்க கையெழுத்துப் போடுங்க என்றார். விரல் விஷயம் அப்போது தெரியாத உன் அண்ணன் கையெழுத்துப் போட்டான். நான் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கார்டில் இருக்கறது என்னோட ரத்தம் ஐயா, அவளுக்கு முன்னாடியே குறைவுதான் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இல்லாத கசிவைத் தேடிப் படம் எடுத்தார்கள், இங்கே அழுத்தினார்கள், அங்கே அழுத்தினார்கள், அவளை மேசையில் போட்டுப் பாடாய்ப் படுத்தினார்கள். நல்லவேளை கத்தி வைக்கவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றின பிறகு கண் திறந்தாள். அவள் செத்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஒரு கிலோ தொள்ளாயிரம். சுண்டுவிரல் மாதிரி இருக்கா என்று உன் அப்பா சொன்னார், நான்தான் அதைச் சுருக்கிச் சுண்டு என்று பெயர் வைத்தேன். பேர் சூட்டுவதில் குறைச்சல் இல்லை.

சுண்டுவுக்கு இப்போது நாலரை வயசு. நீ அவளைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. நான் அனுப்புகிற படங்களில் அவள் ராணி மாதிரி நிற்கிறாள் என்கிறாயே, எதன் மேல் நிற்கிறாள் என்று எப்போதாவது கவனித்தாயா. நாற்காலி மேல், பெட்டி மேல், வாசல் படியின் மேல்படியில். ஒன்று நிற்க வைப்பேன், இல்லாவிட்டால் உட்கார வைப்பேன். தரையில் வேறு பிள்ளைகளோடு நிற்கிற படம் ஒன்றுகூட உனக்கு வந்திருக்காது. திட்டம் போட்டுச் செய்யவில்லை, கை தானாக அப்படிச் செய்தது, அதுதான் இன்னும் கேவலம். அவள் நடக்க ஆரம்பித்ததே ஒன்றே முக்கால் வயசில். பேச்சும் தாமதம். இப்போது பேசுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், தாத்தா சட்டைப் பையில ஒருத்தர் சிரிக்கறார் என்று பல் செட்டைக் காட்டி எல்லோரையும் கூப்பிடுகிறாள். ஆனால் படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள், மற்ற பிள்ளைகள் ஓடினால் சுவரோரம் நின்று பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன மாதம் கூட்டிப் போனோம். புதுப் பை, புதுச் சட்டை, அண்ணியே தைத்தது. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, அழகா இருக்கா, ஆனா இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமே, அக்காவைத்தானே இந்த வருஷம் சேர்க்கறீங்க, அவ எங்க என்று கேட்டாள். எங்கே அக்கா, எங்கே தங்கை, இவள் ஒருத்திதானே. அண்ணி பிறந்த தேதி எழுதின காகிதத்தை எடுத்துக் காட்டினாள். டீச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன் என்று மெதுவாகச் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் சுண்டு அந்தக் காலிப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அண்ணனும் வண்டியை விட்டுவிட்டு வந்தான். ஒரு பெண் டாக்டர், நிதானமானவர். சுவரில் பலகை மாட்டியிருந்தது, அதில் நிற்க வைத்துத் தலையில் கட்டையை இறக்கினார்கள். தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். மூணு வயசுகூட ஆகாத பிள்ளையோட உயரம்மா இது, இந்த வயசுக்கு நூத்தஞ்சு பக்கம் இருக்கணும் என்றார் டாக்டர். விரலில் குத்தினார்கள், சுண்டுவின் ரத்த அளவு எட்டு. அதற்கு அடுத்து அண்ணி பிள்ளை சுமந்தபோது எப்படி இருந்தாள் என்று கேட்டார். பழைய கார்டு இருந்தால் காட்டச் சொன்னார். பொத்தான் டப்பாவிலிருந்து எடுத்து நான்தான் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன், அண்ணியின் கார்டு என் கார்டு இரண்டையும். கை அண்ணியின் கார்டைத்தான் எடுத்து நீட்டியது. டாக்டர் பார்த்தார். தாய்க்கு ரத்தம் நல்லாத்தான் இருந்திருக்கு, பதிமூணு, பதிமூணு, பன்னெண்டே முக்கால், அப்போ காரணம் வேற எங்கேயோ இருக்கு, தேடணும் என்று சொல்லிக்கொண்டே நீளமாக எழுத ஆரம்பித்தார், குடலுக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், சிறுநீரகம் பார்க்க வேண்டும், எலும்புக்குள் ஊசி போட்டுப் பார்க்க வேண்டி வரலாம் என்று. சுண்டு என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள், குத்தின விரலை வாயில் வைத்துக்கொண்டு. எனக்கு அந்தப் பிரசவ நாள் அப்படியே திரும்பி வந்துவிட்டது. இல்லாததைத் தேடி அவள் தாயைப் படுத்தினார்கள், இப்போது இவளைப் படுத்தப் போகிறார்கள், எல்லாம் என் விரல் எழுதின எண்ணை நம்பி. அந்தக் கார்டுல இருக்கறது என் ரத்தம் டாக்டர் என்று சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கார்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவளோடது இதுதான், ஏழு புள்ளி எட்டு, அப்புறம் ஏழு, அப்புறம் ஆறரை என்றேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. எழுதினதில் பாதியை அடித்துவிட்டு விளக்கமாகச் சொன்னார், நான் அப்படியே எழுதுகிறேன். தாயோட ரத்தம்தான் உள்ள இருக்கற பிள்ளைக்கு மூச்சும் சாப்பாடும், அது இவ்வளவு வத்திப்போனா பிள்ளை எடை போடாது, நேரத்துக்கு முன்னாடியே பிறக்கலாம். பிறந்த பிறகு ஆறு மாசத்துக்கு வேணுங்கற இரும்புச்சத்தைப் பிள்ளை தாய்கிட்ட இருந்துதான் வாங்கிட்டு வரும், இவ வாங்கிட்டு வர அங்க ஒண்ணும் இல்லை. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், சாப்பாடு, அடிக்கடி வந்த காய்ச்சல் பேதி எல்லாம் சேர்ந்துதான் பிள்ளை குறுகுது, ஆனா இவ ஆரம்பிச்சதே பள்ளத்துலதான் என்றார். அண்ணன் கேட்டான், இனிமே வளருவாளா என்று. வளருவா, ஆனா வயித்துல இருந்த காலமும் பிறந்து ரெண்டு வருஷமும்தான் முக்கியமான காலம், அதுல விட்ட உயரம் முழுசா திரும்ப வராது, ரத்தத்தைச் சரி பண்ணலாம், சோர்வு போகும், படிப்பு வரும், பேசிப் பேசி விளையாடி விளையாடி அறிவை வளர்க்கலாம், அதை விட்டுடாதீங்க என்றார். முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்று அண்ணன் ஆரம்பித்தான். டாக்டர் அவனை முடிக்க விடவில்லை. எல்லாம் சரியாயிருக்கும்னு சொல்ல முடியாது, ஆனா அவங்களுக்குச் சிகிச்சை நடந்திருக்கும் என்றார். அவ்வளவுதான் சொன்னார். போதுமே.

வீட்டில் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்காதே. உன் அண்ணன் என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. வருகிறான், சாப்பிடுகிறான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். விரலை நீட்டினதை விடு, அன்னிக்கு டாக்டர் வந்து கையெழுத்துக் கேட்டப்போ பக்கத்துலதானேம்மா நின்னே, ஏன் சொல்லலை என்றான். அவனிடம் பதில் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அவமானத்துக்குப் பயந்தேன். நல்லது செய்த மாமியார் என்ற பெயர் போய்விடுமே என்று பயந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உன் அப்பா அன்று சாயங்காலம் பல் செட்டை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டு சுண்டுவை உட்கார வைத்து, இதோ பார் நான் மெல்லறேன், நீயும் மெல்லு என்று முட்டையை ஊட்டினார், வாய் வலிப்பது முகத்தில் தெரிந்தது. அண்ணிதான் என்னைக் கொல்கிறாள். ஊசிக்குப் பயந்தது நான்தானே அத்தை, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க என்கிறாள். அடுத்த நாள் வேலைக்குப் போய் அந்த மெஷினில் உட்கார்ந்தாள். நான் செக்கிங் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காலர் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தது, ஒரு தையல் கோணவில்லை. அந்த மெஷினுக்காகத்தானே எல்லாம் என்று நினைத்தபோது எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, கண்ணில் நூல் விழுந்துவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அது ஒன்று எனக்கு நன்றாக வருகிறது, பொய்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காமல் படி. உன் கார்டில் இருக்கிற பன்னிரண்டரை உன் தோழியுடையது. உன்னுடையது எவ்வளவு என்று இந்த நிமிஷம் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கடிதம் கையில் கிடைத்த அன்றே போ. கம்பெனி நர்ஸிடம் போகப் பயமாக இருந்தால் வெளியே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போ, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, உன் விரலை நீயே நீட்டு. கார்டைக் கேட்டால் அதில் இருப்பது என்னுடையது இல்லை என்று முதல் வார்த்தையாகச் சொல். ஐஸ் தின்பதைச் சொல், மாடிப்படியில் நெஞ்சு அடித்துக்கொள்வதைச் சொல். மாத்திரை கொடுத்தால் தேநீரோடும் காபியோடும் போடாதே, பாலோடும் வேண்டாம், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தள்ளியே குடி. எலுமிச்சையோ ஆரஞ்சோ பிழிந்து அதோடு போட்டால் நன்றாகச் சேருமாம். மலம் கறுப்பாகத்தான் போகும், பயந்து நிறுத்தாதே. குமட்டினால் டாக்டரிடம் சொல், வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள், நீயாக டப்பாவில் போட்டு மூடிவிடாதே. ஊசி ஏற்ற வேண்டும் என்றால் கையை நீட்டிவிடு. கீரை, பருப்பு, முட்டை, ஈரல், எது கிடைக்கிறதோ அதைச் சாப்பிடு, ஆனால் சாப்பாட்டாலேயே சரியாகிவிடும் என்று மாத்திரையை விட்டுவிடாதே. வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும். திரும்பி வா என்றால் வந்துவிடு, இந்த வீட்டில் வாளிக்கு இடம் இருக்கிறது, உனக்கு இருக்காதா. எண் எவ்வளவு மோசமாக வந்தாலும் அதை எனக்குச் சொல். நல்ல எண்ணாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்காதே. இந்த வீட்டில் நல்ல எண் பார்த்தது போதும்.

உன்னைக் கிண்டலுக்குப் பழக்கினதும் நான்தான், இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. கெஞ்சத்தான் முடியும், கெஞ்சுகிறேன். உன் தோழியையும் திட்டாதே, அவளும் என்னைப்போல நல்லதென்று நினைத்துத்தான் செய்திருப்பாள், ஆனால் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. நீயும் பிள்ளையும் ரத்தமும் சதையுமாக, நிறைந்த உடம்போடு, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. உறைக்குள் மடித்து ஒரு வெள்ளை நாடா வைத்திருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே. உங்கள் கீழ்வீட்டில் நாலு வயசில் ஒரு வாண்டு இருக்கிறது, உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று சொல்லியிருந்தாயே, அந்தப் பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து இந்த நாடாவை அதன் பக்கத்தில் தரையிலிருந்து மேலே பிடித்துப் பார். பார்த்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

இப்படிக்கு,
உன் ரத்தத்தைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா

எழுத மறந்தது: நாடாவை அளந்து வெட்டும்போது, இது யாருக்கு பாட்டி என்று சுண்டு கேட்டாள். உன் அத்தைக்கு, நீ எவ்வளவு உயரம்னு பார்க்கறதுக்கு என்றேன். உடனே குதிகாலைத் தூக்கிக்கொண்டு நுனிவிரலில் நின்றாள். அத்தை பார்க்கட்டும், பெருசா வெட்டு என்றாள். நான் உட்கார்ந்து அவள் இரண்டு குதிகாலையும் கையால் பிடித்துத் தரையில் அமுக்கிக்கொண்டேன். விடு பாட்டி, விடு என்று அழுதாள். விடவில்லை. அண்ணிதான் நாடாவைப் பிடித்து வெட்டினாள். அளவு சரியானது, நம்பிப் பார்.